அன்னையின் பெயர்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் நெய்யாற்றின்கரை அமைந்துள்ளது. அவ்வூர் ஸ்ரீகிருஷ்ண சுவாமி கோயில் வளாகத்தில் ஒரு பழம்பெரும் பலாமரத்தின் அடிமரம் பேணிக் காக்கப்பட்டு வருகிறது. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், இளவரசராக இருந்த நாளில் எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தி வந்தபோது, இம்மரத்தின் பொந்தில் மறைந்து உயிர் தப்பினார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அரியணை ஏறிய பின் அவர் அவ்விடத்தில் கண்ணனுக்குக் கோயில் எழுப்பினார். அம்மரத்திற்கு மக்கள் வழங்கும் பெயர் ‘அம்மச்சிப் பிலாவு’.

தன் வயிற்றில் இடம் கொடுத்து ஓர் உயிரை மறைத்துக் காத்ததால் மரம் அன்னையாயிற்று. இதில் வியப்பொன்றும் இல்லை. ஆனால் சற்று நின்று சிந்திப்பவருக்கு ஒன்று புலப்படும். அந்த மரத்தைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் அரசரின் கதை. அது யார் நட்ட மரம், எத்தனை தலைமுறைக்குக் கனி தந்தது, எப்போது பொந்து விழுந்தது என்பதை எவரும் கேட்பதில்லை. அன்னையரை நினைவுகூரும் முறையும் பெரும்பாலும் இத்தகையதே. ‘இன்னாரின் தாய்’ என்றே அவர்கள் அறியப்படுகின்றனர். இன்னார் உயர்ந்தால் அவளும் போற்றப்படுகிறாள். இன்னார் சாமானியராயின் அவளும் மறைந்து போகிறாள். அன்னையை நினைக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் வேளையில் உண்மையில் நினைக்கப்படுவது அன்னைதானா, அவள் வழியே மகன் தன்னையேதான் நினைத்துக்கொள்கிறானா? இந்தக் கேள்வி சற்றுக் கசப்பானது. ஆயினும் கேட்கப்பட வேண்டியது.

இதே நெய்யாற்றின்கரையில், ஊருட்டுகலை என்னுமிடத்தில், ‘மாதவி மந்திரம்’ என்ற பெயருடன் ஓர் அறநிலையம் உள்ளது. காந்தியத் தொண்டர் டாக்டர் ஜி. ராமச்சந்திரன் தம் அன்னை மாதவி தங்கச்சியின் பெயரால் அமைத்தது அது. ராமச்சந்திரன் 1904-ஆம் ஆண்டு பிறந்தவர், சாந்திநிகேதனில் பயின்றவர். 1924-இல் டெல்லியில் உண்ணாநோன்பு முடித்து உடல் தேறிவந்த காந்தியடிகளைச் சந்தித்து, கலையும் அழகும் வாழ்வில் பெறும் இடம் பற்றித் துணிவுடன் வினா எழுப்பிய இளைஞர் அவரே. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளும் இளம் வயதிலேயே கணவரை இழந்து பின் மருத்துவம் பயின்றவருமான சௌந்தரம் அம்மையாரை 1940-இல் காந்தியடிகளின் முன்னிலையில் மணந்தார். 1947-இல் அவ்விருவரும் திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் தொடங்கிய காந்திகிராமத்தைத் தமிழ் மக்கள் நன்கறிவர். தேசமெங்கும் பணியாற்றிய பின், 1995-இல் மறையும் வரையிலான கடைசி ஆண்டுகளில், தம் சொந்த மண்ணான நெய்யாற்றின்கரையையே அவர் தம் தொண்டிற்குக் களமாகக் கொண்டார்.

நாடறிந்த ஒருவர் தம் பெயரை எளிதில் பொறித்திருக்கக்கூடிய இடத்தில் அன்னையின் பெயரைப் பொறித்தார் என்பதோடு இதை முடித்துவிடலாகாது. அன்னைக்கு மாளிகை எழுப்புவோரும் சலவைக்கல்லில் சிலை வடிப்போரும் உலகில் உண்டு. இங்கே அன்னையின் பெயர் ஒரு பணியின் மீது இடப்பட்டது. அப்பெயர் சொல்லப்படும்போதெல்லாம் வேறு யாருக்கோ ஒரு நன்மை நடக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். ஆயினும் ஓர் ஐயம் எழும். தாயன்பு என்பது ஒருத்திக்கு மட்டும் உரியது; அதைப் பொதுப்பணியாக விரித்தால் அந்த ஒருத்தி கரைந்து போய்விட மாட்டாளா? பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சூட்டப்பட்ட எத்தனையோ பெயர்கள் வெறும் முகவரிகளாகத் தேய்ந்து போயிருக்கின்றன அல்லவா?

இந்த ஐயத்திற்கு விடை தேட, ராமச்சந்திரனும் சௌந்தரமும் அணுகியிருந்து கண்ட ஒரு நிகழ்வு உதவும். 1944 பிப்ரவரி 22-ஆம் நாள் கஸ்தூரிபாய், புணேயில் ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்தியடிகளின் மடியில் தலைவைத்து உயிர் நீத்தார். தேசம் அவருக்கு நினைவு நிதி திரட்டியது. 75 லட்சம் ரூபாய் என்பது இலக்கு; ஒரு கோடிக்கு மேல் சேர்ந்தது. அந்நிதி முழுவதும் கிராமங்களில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே செலவாக வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். நகரத்தில் நினைவு மண்டபம் எழவில்லை. பேறுகாலத்தில் கைகொடுக்க யாருமற்ற சிற்றூர்களுக்குச் சேவிகைகள் சென்றனர். அப்பணியைத் தமிழகத்தில் நடத்தும் பொறுப்பை ஏற்றவர் சௌந்தரம் அம்மையார்.

கஸ்தூரிபாயை எல்லோரும் ‘பா’ என்று அழைத்தனர். குஜராத்தியில் அதன் பொருள் அன்னை. காந்தியடிகளும் அவ்வாறே அழைத்தார். ஆனால் அவர் தம் சுயசரிதையில் அந்த அம்மையாரைப் புகழ்ந்து எழுதிய பகுதிகளைவிட ஆழமாக மனத்தில் பதிவது ஒரு குற்ற ஒப்புதல்தான். 1898-ஆம் ஆண்டு, டர்பன் நகர இல்லம். பஞ்சமர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவரான ஓர் எழுத்தர் அங்கே தங்கியிருந்தார். அவருடைய மலச்சட்டியைக் கஸ்தூரிபாய் சுமக்க வேண்டும், அதுவும் முகமலர்ச்சியோடு சுமக்க வேண்டும் என்று கணவர் வற்புறுத்தினார். அம்மையார் கண்ணீருடன் சுமந்தபடியே சினந்து பேசியபோது, கையைப் பற்றி இழுத்துச் சென்று வாயிற்கதவைத் திறந்து வெளியே தள்ள முற்பட்டார். பெற்றோரோ உற்றாரோ இல்லாத அந்நிய நாட்டில் தான் எங்கே போவது என்று அவர் கேட்ட பிறகே கணவருக்கு நாணம் வந்தது. இதைக் காந்தியடிகள் மறைக்கவில்லை. அந்த நினைவையே ஒரு பிராயச்சித்தமாகக் கொண்டு எழுதினார். கொள்கை உயர்ந்தது, செய்த முறை கொடியது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அன்னையை நினைவுகூர்வதில் பெரும்பாலோர் தவறவிடும் இடம் இதுதான். ‘எங்கள் அன்னை தியாகமே உருவானவர். எல்லோரும் உண்ட பின் மீதியை உண்டார். தமக்கென ஒரு புடவை வாங்கியதில்லை’ என்று பிள்ளைகள் நெகிழ்ந்து பேசுவதுண்டு. அந்நெகிழ்ச்சி பொய்யன்று. ஆயினும் அவர் ஏன் கடைசியில் உண்டார்? பானையில் எவ்வளவு மிஞ்சும் என்பதை முதலில் உண்டவர்கள் பார்த்தார்களா? தியாகம் என்று போற்றப்படும் பலவற்றில் பாதி, அன்னை மனமுவந்து கொடுத்தது. மறு பாதி, கேட்காமலே அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டையும் சேர்த்துத் ‘தியாகம்’ என்று ஒரே பெயரிட்டுவிட்டால், எடுத்துக்கொண்டவர்களுக்கு அது மிகவும் வசதியாகிவிடுகிறது.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். கயையில் பிண்டம் இடுவோர் அன்னைக்கென்று தனியே பதினாறு பிண்டங்கள் இடும் வழக்கம் உண்டு. ‘மாத்ரு ஷோடசி’ என்பது அதன் பெயர். ஒவ்வொரு பிண்டத்திற்கும் ஒரு சுலோகம். ஒவ்வொரு சுலோகத்திலும் அன்னை பட்ட ஒரு துன்பம். வயிற்றில் குழந்தை உதைத்த வேதனை, மகப்பேற்றின் வலி, பேற்றிற்குப் பின் பட்டினி, கசப்பான கஷாயங்கள், இரவில் குழந்தை நனைத்த துணியில் படுத்தது, கோடையிலும் பனியிலும் வாடியது, பிள்ளை நோயுற்றபோது கலங்கியது, பசித்த பிள்ளைக்குத் தன் சோற்றைக் கொடுத்தது என்று அப்பட்டியல் நீளுகிறது. அவளுடைய புகழ், குலப்பெருமை, மகனின் சாதனை எதுவும் அதில் இல்லை. அத்துன்பங்களுக்குத் தான் காரணமாயிருந்ததற்காக மகன் பிண்டம் தருகிறான். வைதிகச் சடங்குகளுள் இவ்வளவு வெளிப்படையாகக் கடனை எண்ணிச் சொல்வது மிகச் சிலவே. சொல்லும் பொருளை உணராது புரோகிதரின் வேகத்திற்கு ஈடாகப் பதினாறையும் ஒப்பித்து முடிப்பவர்களே மிகுதி என்பது வேறு விஷயம்.

அனைத்தையும் துறந்தவர்களும் இந்தக் கடனைத் துறக்கவில்லை. காலடியில் பிறந்த ஆதிசங்கரர், சந்நியாசம் ஏற்குமுன் அன்னை ஆர்யாம்பாளுக்கு அளித்த வாக்கின்படி அவரது இறுதி வேளையில் திரும்பி வந்தார் என்றும், உறவினர் நெருப்பும் தர மறுத்து விலகியபோது வீட்டு வளவிலேயே தாமே தகனம் செய்தார் என்றும் மரபு கூறுகிறது. துறவிக்கு ஈமக்கடன் இல்லை என்பது விதி. விதியை உலகிற்கு எடுத்துரைத்தவரே அதைத் தாயின் பொருட்டு மீறினார். காவிரிப்பூம்பட்டினத்துப் பட்டினத்தார் அன்னை ஞானகலையின் உடலை வாழைமட்டையில் கிடத்தி எரியூட்டினார் என்பர். அப்போது அவர் பாடியனவாக வழங்கும் பாடல்களில் தத்துவம் குறைவு. தாலாட்டும் தொட்டிலும் தாய்ப்பாலும்தான் மிகுதி. நிலையாமையைப் பாடிய ஞானி, நெருப்பின் முன் நின்றபோது பொதுவான உண்மைகளை நாடவில்லை.

இறந்த பின் செய்வது எளிது. தைத்திரீய உபநிடதம் தாயைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்வது, கல்வி முடித்து இல்லம் திரும்பும் மாணவனிடம். அதாவது, அன்னை வீட்டில் உயிரோடு காத்திருக்கிறாள். எல்லைப்புறக் கிராமங்களில் இன்று நிலைமை மாறிவிட்டது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் சென்றுவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். பணம் தவறாமல் வருகிறது. வீடு மாடி வீடாகிறது. கீழ்த்தளத்தில் ஒரு கிழவி தனித்திருக்கிறாள். பெற்றோரையும் முதியோரையும் பேணுவதற்கென 2007-இல் மத்திய அரசு ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பிள்ளைகள் மாதந்தோறும் தொகை தரவேண்டும் என்று தீர்ப்பாயம் ஆணையிடலாம். அன்னையோடு அரை மணி நேரம் அமர்ந்து பேசவேண்டும் என்று ஆணையிட எந்தத் தீர்ப்பாயத்தாலும் இயலாது.

காந்தியடிகளின் அன்னை புத்லிபாயின் கதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1891-இல் மகன் பாரிஸ்டராகிப் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியபோது, அன்னை முன்பே காலமாகிவிட்ட செய்தியை அண்ணன் அப்போதுதான் சொன்னார். அந்நிய மண்ணில் தம்பி கலங்கக்கூடாதென்று அதுவரை மறைத்திருந்தனர். மகன் வாய்விட்டு அழவில்லை. ஆனால் பல்லாண்டுகளுக்குப் பின் சுயசரிதை எழுத அமர்ந்தபோது, அன்னையைப் பற்றி அவர் எழுதியது ஒரு சிறு காட்சி. மழைக்காலத்தில் சூரியனைக் காணாமல் உண்பதில்லை என்பது புத்லிபாயின் விரதம். குழந்தைகள் முற்றத்தில் நின்று வானத்தையே பார்த்திருப்பார்கள். சூரியன் தலைகாட்டியதும் ஓடிச் சென்று சொல்வார்கள். அவர் வந்து பார்ப்பதற்குள் மேகம் மூடிவிடும். இன்று உண்பதை இறைவன் விரும்பவில்லை போலும் என்று சிரித்தபடி வேலைக்குத் திரும்பிவிடுவார். அந்த அன்னை யார், எப்படிச் சிரித்தாள், எதை நம்பினாள் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. மகனின் பெருமை இதில் இல்லை. அவன் இங்கே வானத்தைப் பார்த்து நிற்கும் குழந்தைகளுள் ஒருவன், அவ்வளவே.

நெய்யாற்றின்கரைக்கு அருகே பாலராமபுரம் உள்ளது. பாலராம வர்மரின் ஆட்சியில் (1798–1810) தமிழகத்துச் சாலியர் குடும்பங்கள் அங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. அவர்கள் நெய்யும் கசவு வேட்டியும் முண்டும் கேரளமெங்கும் திருமணங்களிலும் திருவிழாக்களிலும் உடுக்கப்படுகின்றன. தறியில் அமர்பவர் நெசவாளர் என்று பெயர் பெறுகிறார். நூலைத் தாரில் சுற்றிக்கொடுக்க வீட்டுப் பெண்கள் நாள் முழுதும் அமர்ந்திருப்பதை வாங்குவோர் காண்பதில்லை. அத்துணியில் ஊடை முழுவதும் அவர்களின் கைபட்டது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு களியக்காவிளை வழியே சென்றது. அதன் இருபுறமும் பிள்ளைகள் வேறு வேறு எழுத்துகளைக் கற்றனர். அன்னையை ‘அம்மை’ என்றழைப்பது மட்டும் இருபுறமும் அவ்வாறே இருந்தது.

இறந்தோருக்கு நீர்க்கடன் செய்யும் நாளும் எல்லை அறியாது. தமிழர் ஆடி அமாவாசை என்பதை மலையாளிகள் கர்க்கடக வாவு என்பர். அன்று நெய்யாற்றங்கரையில், 1888-இல் ஸ்ரீநாராயண குரு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறத்தில், விடியும் முன்பே மக்கள் திரள்வர். எள்ளும் அரிசியும் தர்ப்பையும் இலையில் வைத்து ஈர உடையோடு அமர்வர். தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறை சொல்வதுபோலவே, தாய், பாட்டி, பூட்டி என்றும் சொல்லும் முறை உண்டு. பெயரைச் சொல்லுமாறு புரோகிதர் கேட்பார். தந்தை வழியில் மூன்று பெயரும் தடையின்றி வரும். நிலப் பத்திரத்திலும் குடும்ப அட்டையிலும் படித்த பெயர்கள் அவை. தாயின் பெயரும் வரும். பாட்டியின் பெயரைச் சொல்லுமிடத்தில் பலர் தயங்குவர். ‘அம்மச்சி’ என்றுதானே வாழ்நாளெல்லாம் அழைத்தது! பூட்டியின் பெயரை அறிந்தவர் அரிதினும் அரிது. பெயர் தெரியாவிடில் கங்கையின் பெயரையோ பூமியின் பெயரையோ சொல்லி முடிக்கச் சாஸ்திரம் இடம் தருகிறது. அதனால் சடங்கு தடைபடுவதில்லை.

சிலர் மட்டும் எழுந்து, கரையில் நிற்கும் முதிய அத்தையிடமோ சித்தியிடமோ சென்று கேட்டு வருவர். அவளும் சற்று யோசித்து, விரலை நெற்றியில் வைத்து, ஒரு பெயரைச் சொல்வாள். கூடவே, அவர் களத்தில் நெல் காயவைத்தபடியே கதை சொல்வார், புகையிலை போடுவார், கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார் என்றும் சொல்லத் தொடங்குவாள். பின்னால் வரிசை காத்திருக்கும். இருந்தாலும் அவள் நிறுத்துவதில்லை. கேட்க வந்தவனும் அவசரப்படுத்துவதில்லை.