எதை எழுதுவது என்னும் பொறுப்பு

சட்டக் கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் வேலம்பாளையத்தில் நம்மைக் காண வந்தார். ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். தலைப்புத்தான் அமையவில்லை என்றார். "முத்தலாக் பற்றி எழுது என்றே எல்லோரும் சொல்கிறார்கள், ஐயா. முஸ்லிம் மாணவனுக்கு வேறென்ன தெரியும் என்ற நினைப்புப் போலும்!"

அத்தலைப்பு இழிந்ததன்று. ஆயினும் 1985 இல் ஷா பானு வழக்கிலும், 2017 இல் முத்தலாக் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர் அதுபற்றி எழுதப்பட்டவை ஏராளம். புதிதாய் ஒரு விடை கைவசம் இருந்தாலன்றி, இன்னொரு கட்டுரையால் யாருக்கு என்ன பயன்?

நிலைத்து நின்ற சட்ட நூல்களின் பிறப்பை எண்ணிப் பார்ப்போம். நில வரி, நீர் உரிமை முதலியன பற்றிக் கலீஃபா ஹாரூன் ரஷீத் கேட்ட கேள்விகளுக்கு விடையாகவே இமாம் அபூயூசுஃப் (ரஹ்) 'கிதாபுல் கராஜ்' எழுதினார்கள். அமெரிக்காவில் செய்தித்தாளும் புகைப்படக் கருவியும் இல்லங்களுக்குள் நுழைந்த காலத்தில், வாரன், பிராண்டைஸ் என்னும் இருவர் 1890 இல் அந்தரங்க உரிமை பற்றி ஒரு கட்டுரை வரைந்தனர். 2017 இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அவ்வுரிமையை அடிப்படை உரிமையென அறிவித்தபோதும் அக்கட்டுரை பேசப்பட்டது. இவ்விரண்டும் வாழ்க்கை எழுப்பிய கேள்விகளுக்குப் பிறந்தவை.

"உம் வீட்டில் விடை கிடைக்காத கேள்வி ஏதேனும் உண்டா?" என்று வினவினோம். சற்றுநேரம் மௌனமாக இருந்தவர், "2011 இல் சாயப்பட்டறைகளை மூடினார்களே, அப்போது எனக்கு எட்டு வயது. அத்தாவுக்குப் பல மாதங்கள் வேலையில்லை. அந்தக் கூலியை யார் தந்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது" என்றார்.

இதுவன்றோ தலைப்பு!

நொய்யலில் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. பாசன விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடலாகாது என 2006 இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2009 இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. நிறைவேறாமற் போகவே, 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட ஆணை பிறந்தது. விவசாயிக்கு நியாயம் வேண்டியதுதான். மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று, 1996 இலேயே வேலூர் வட்டாரத் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் மாசுக்குத் திட்டமிடாத, இலாபத்திலும் பங்கில்லாத கூலியாளும் தன் கூலியை இழந்தாரே! அன்று நடப்பிலிருந்த 1947 ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டம், வேலை நிறுத்திவைப்புக் காலத்தில் பாதி ஊதியம் தரச் சொல்லிற்று; ஐம்பது பேருக்குக் குறைந்த ஆலைகளுக்கு அவ்விதி இல்லை. நீதிமன்ற ஆணையால் மூடப்படும் சிறு பட்டறையின் தொழிலாளிக்கு யார் பொறுப்பு? முதலாளியா, அரசா, ஈட்டுத் தொகையில் ஒரு பகுதியா?

இளைஞர் தயங்கினார். "சொந்த வேதனையை எழுதினால் நடுநிலை தவறாதா? பட்டறை வைத்திருப்பவர்களும் நம் உறவினர்கள்தாமே?"

தயக்கம் நேர்மையானது. சொந்த வேதனை கேள்வியைத் தேர்ந்தெடுக்கலாம். விடையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கடன்பட்ட முதலாளியின் வாதத்தையும், கிணறு கெட்ட விவசாயியின் வாதத்தையும், அவர்களே ஒப்புக்கொள்ளும் வண்ணம் எழுதிய பின்னரே தம் முடிவைச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி, அத்தாவுக்கு எதிராகவே முடிந்தாலும் அதனை மறைத்தல் ஆகாது. கல்வி ஓர் அமானிதம். அதனை எங்கே செலவிடுகிறோம் என்பதற்கும் கணக்குண்டு.

"அத்தாவிடம் பழைய கூலிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்கிறேன்" என்று சொல்லி எழுந்தார். கட்டுரை அங்கிருந்து தொடங்கட்டும் என்று நாமும் விடைகொடுத்தோம்.