விரல் பிடித்துக் காட்டும் வித்தை

தம்புராவின் குதிரைமேல், கம்பிக்கு அடியில் ஒரு நூலிழையைச் செருகுவார்கள். ஜீவா என்று அதற்குப் பெயர். அதை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்த, மந்தமாகக் கிடந்த கம்பி சட்டென்று ரீங்கரிக்கும். அந்த இடம் எது என்று எந்தப் பாடநூலும் சொல்லித் தராது. குரு பக்கத்தில் உட்கார்ந்து, மாணவியின் விரலைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

வேதியியலும் இப்படிக் கைமாறி வந்த வித்தைதான். சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன், புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர். அவரிடம் ஆய்வு செய்து முனைவரான ஏ.வி. ராமாராவ், 1985 முதல் 1995 வரை ஹைதராபாத்தில் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தை வழிநடத்தினார். எச்.ஐ.வி.க்கு எதிராக முதன்முதலில் ஒப்புதல் பெற்ற மருந்து ஏ.இசட்.டி. 1987இல் அமெரிக்காவில் வந்தபோது, அதன் விலை ஏழைக்கு எட்டாக்கனி. அதைக் குறைந்த செலவில் தயாரிக்கும் வழியை ராமாராவின் குழு கண்டறிந்தது. 1993இல் சிப்லா நிறுவனம் அதை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. புனேயில் ஓர் ஆசிரியர் தந்த பயிற்சி, முகம் தெரியாத நோயாளிகளின் மாத்திரையாக வந்து சேர்ந்தது!

பல்கலைக்கழகங்கள் இன்று ஆசிரியரின் கட்டுரைகளை எண்ணுகின்றன. எண்ணட்டும். இசையோ, மருந்து வேதியியலோ, எதுவானாலும் மாணவர் அருகில் அவர் உட்காரும் மணி நேரத்தையும் தயவுசெய்து கணக்கில் எழுதுங்கள்.