ஓடும் நீருக்குப் பட்டா உண்டோ?

ஜெர்மனியின் தென்கோடியில் பவேரியா. ஆல்ப்ஸ் மலைச்சரிவிலிருந்து இறங்கி, டான்யூப் பேராற்றை நாடி ஓடும் சிற்றாறுகள் அங்கே பல. அத்தகைய சிற்றாறு ஒன்றின் கரையிலே பழைய மாவு ஆலை ஒன்றை மனக்கண்முன் நிறுத்துவோம். பாட்டன் நாளில் நீர் உருளையைச் சுழற்றிற்று. உருளை கல்லைச் சுழற்றிற்று. கல் கோதுமையை அரைத்தது. இன்று கல்லும் இல்லை, கோதுமையும் இல்லை. அதே நீர் இரும்புச் சுழலியைச் சுற்றுகிறது, மின்சாரம் பிறக்கிறது. பாட்டன் அமைத்ததைத் தந்தை காத்தார். மகள் இன்று நடத்துகிறார்.

"இது எங்கள் பரம்பரை உரிமை" என்று அவர் கூறுவாரானால், நாம் என்ன விடையளிப்பது?

பரம்பரை என்ற சொல் செவியில் விழுந்ததும் நம் புருவம் நெரிகிறது. பிறந்த குலத்தைக் காட்டிப் பீடத்தில் அமர்ந்தோரை, "ஏன்?" என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தக் கேள்வியை உள்ளூரில் மட்டும் கேட்டுவிட்டு, ஆலைக்காரர் மகளிடம் கேளாமல் விடுவது நேர்மையாகுமா? எனவே கேட்கிறோம்: அம்மையீர், ஆறு உமக்கு எப்படிச் சொந்தமாயிற்று?

வரலாறு அவருக்குத் துணை நிற்காது. ஐரோப்பாவின் பண்ணைப் பிரபுக்கள் ஒரு காலத்தில், "என் ஆலையில்தான் நீ அரைக்கவேண்டும், அரைத்ததில் எனக்குப் பங்கு அளக்கவேண்டும்" என்று உழவனைக் கட்டிப்போட்டிருந்தனர். வேறு ஆலைக்குத் தானியம் கொண்டுபோனால் தண்டனை! பிரஷ்யாவில் அந்தக் கட்டாயம் ஒழிந்தது 1810-இல். நீரைப் பிடித்தவன் நெல்லைப் பிடித்தான், நெல்லைப் பிடித்தவன் ஆளைப் பிடித்தான் என்ற கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

சட்டமும் அவருக்கு முழுத் துணையன்று. ஓடும் ஆற்றின் நீர் எவருடைய உடைமையும் ஆகமுடியாது என்று 2009-இல் இயற்றப்பட்ட ஜெர்மன் நீர்வளச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. அதே சட்டம், முன்னோர் பெற்ற பழைய நீர் உரிமைகள் பலவற்றைத் தொடரவும் விடுகிறது. நீர் எவருக்கும் சொந்தமில்லையாம். ஆனால் அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் வழிவழியாக வருமாம்! முரண்பாடு கண்கூடு.

அப்படியானால் அந்த நிலையத்தைப் பறித்துப் பெரிய நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாமா? அவசரப்படவேண்டா, தோழர்களே! பெரியவர்களின் கதையையும் கேட்போம்.

இட்லர் ஆட்சியில், 1935-இல் வந்த மின்துறைச் சட்டத்தின் நிழலிலே, வட்டாரத்துக்கொரு மின் நிறுவனம் தனியரசு செலுத்தியது. 1998 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. சிற்றாற்றில் மின்சாரம் செய்தவன் அதை விற்கவேண்டுமானால் ஒரே வாயிலைத்தான் தட்டவேண்டும். அங்கே சொன்னதே விலை. மறுத்தால் மின்சாரத்தை மூட்டை கட்டியா வைப்பது? இந்த ஓரவஞ்சனையை எதிர்த்துப் பவேரியச் சிறு நிலையத்தாருக்காக வாதாடியவர் மத்தியாஸ் எங்கல்ஸ்பெர்கர் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் பழமை பேணும் கட்சியைச் சேர்ந்தவர். அவருடன் கைகோத்தவரோ பசுமைக் கட்சியின் வோல்ஃப்காங் டானியல்ஸ். 1990-இல் சட்டம் பிறந்தது. 1991 தொடக்கம் முதல் நடைமுறைக்கு வந்தது. சிறு நிலையத்தின் மின்சாரத்தை வாங்கியே தீரவேண்டும். மக்கள் செலுத்தும் சராசரிக் கட்டணத்தில் 75 விழுக்காடேனும் தரவேண்டும் என்று அது விதித்தது. காற்றுக்கும் கதிரவனுக்கும் 90 விழுக்காடு. ஜெர்மனியின் காற்றாலைகள் பெருகிய கதைக்கு முன்னுரை எழுதியதில் சிற்றாற்றங்கரைக் குடும்பங்களுக்கும் பங்குண்டு.

பலே என்கிறோம். ஆனால் கைதட்டியதும் கணக்கை மறந்துவிடலாகாது. நொடிக்கு இரண்டு கன மீட்டர் நீர் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், நல்ல சுழலியில் கிடைப்பது ஏறத்தாழ 50 கிலோவாட். ஆண்டில் 5,000 மணிநேரம் முழு வலுவுடன் ஓடினால் 2,50,000 யூனிட். சில பத்து வீடுகள் ஒளிபெறும், அவ்வளவே. அந்நாட்டில் இத்தகைய நிலையங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும், நீர்மின்சாரத்தின் பெரும்பகுதியை வழங்குபவை சில நூறு பெரிய நிலையங்களே.

இந்தச் சிறு விளக்குக்கு விலை கொடுப்பவர் யார்? ஆறு! டான்யூப் சாலமன் என்றொரு மீன். வேனில் தொடங்கும்போது நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, கூழாங்கல் படுகையிலே முட்டையிடும் இனம். குறுக்கே சுவர் எழுந்தால் ஏற வழியில்லை. சுவருக்கு மேலே நீர் தேங்கினால் வண்டல் படிந்து கல் மூடும். நீரெல்லாம் கால்வாய்க்குத் திரும்பினால் பழைய ஆற்றுப்படுகை வறளும். மீனுக்கு வாக்குச்சீட்டு இல்லை. மனுக் கொடுக்கவும் தெரியாது. வாயற்றதன் வழக்கைக் கேளாத நீதி, நீதியாகுமா?

இங்கேதான் நம் முடிவைச் சொல்லவேண்டும். பிறப்பு தரும் உரிமையை நாம் ஏற்பதில்லை. பருமன் தரும் உரிமையையும் ஏற்பதில்லை. சிறியவர் என்பதாலேயே ஒருவர் நல்லவராகிவிடார். பெரியவர் என்பதாலேயே ஆளத் தக்கவராகிவிடார். பொறுப்பு ஒன்றே உரிமையைப் பிறப்பிக்கும்.

வெள்ளம் வரும் நள்ளிரவில், நீர்வாயிலை அடைக்கும் கிளைகளையும் சருகுகளையும் வாரியெடுக்க எழுந்து ஓடுகிறாரே அந்த மகள், அந்த உழைப்புக்குப் பயன் அவருக்கு உரியது. ஆனால் மீன் ஏற வழி அமைக்கவேண்டும். பழைய படுகையில் போதிய நீரை ஓடவிடவேண்டும். அதனால் மின்சாரம் குறையும், வருமானம் சுருங்கும். சுருங்கட்டும்! அதுதான் ஆற்றுக்கு அவர் செலுத்தும் வாடகை. செலுத்த மறுத்தால், பாட்டன் பெயர் பொறித்த பழம் பத்திரம் கையிலிருந்தாலும் சுழலி நிற்கத்தான் வேண்டும்.

அதே அளவுகோல் பேரணைக்கும் உண்டு. நமக்கும் உண்டு. 2022-இல் சிறு நிலையங்களுக்கான உதவியை நிறுத்தும் வரைவு ஒன்று ஜெர்மனியில் எழுந்து, எதிர்ப்புக்குப்பின் கைவிடப்பட்டது. உதவி தொடர்வதானால், அதனுடன் கடமையும் தொடரவேண்டும். சுழலியை நிறுத்து என்போரும், நின்றால் அந்த 50 கிலோவாட் எந்த நிலக்கரியிலிருந்து வரும் என்று சொல்லவேண்டும். மீன்வழி அமைக்கும் செலவில் ஒளிபெறும் ஊரும் பங்கேற்கவேண்டும். ஒளி எல்லோருக்கும், சுமை ஒருத்திக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

உடைமை கடமையோடு பிணைந்தது, பொதுநலனுக்கும் அது பயன்படவேண்டும் என்று 1949-இல் தம் அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவிலே எழுதிவைத்தனர் ஜெர்மானியர். போரில் எல்லாம் இழந்து நின்ற மக்கள் எழுதிய சொற்கள் அவை. ஆற்றங்கரை மகளுக்குச் சொல்ல நமக்கு வேறு அறிவுரை வேண்டியதில்லை: அம்மையீர், பாட்டன் உமக்கு விட்டுச்சென்றது ஆறன்று, ஆற்றைக் காக்கும் வேலை.