பழைய புல்லட்டும் வீட்டுக் கணக்கும்: ஆசைக்குச் செலவழிக்க நமக்கு எவ்வளவு உரிமை?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



சில மாதங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வெல்டர் வேலை பார்ப்பவர். ஐவேளைத் தொழுகையாளி. குடி, சீட்டாட்டம் என்று எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. "ஹஜ்ரத், பழைய புல்லட் ஒன்று வாங்கி ரெடி பண்ணிக்கொண்டிருக்கிறேன். இது இஸ்ராஃபா? வீட்டில் தினமும் இதே சண்டை. ஹராம் என்றால் சொல்லிவிடுங்கள், விட்டுவிடுகிறேன்" என்றார்.

ஏன் புல்லட் என்று கேட்டேன். "எங்க அத்தா திருவொற்றியூர் ஃபேக்டரியில் முப்பது வருஷம் அந்த வண்டியைத்தான் பூட்டினார். அவர் கடைசிவரை சைக்கிளில்தான் வேலைக்குப் போனார்" என்றார்.

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. வண்டி, கேமரா, புறா, மீன் தொட்டி, கிரிக்கெட் என்று நம் ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதனால் இன்று இதை நாம் சேர்ந்து யோசிப்போம்.

நம் ஊருக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு

வடசென்னைக்காரனுக்கு மோட்டார் மீது ஏன் இத்தனை ஆசை என்று கேட்பவர்களுக்கு நம் ஊரின் வரலாறு தெரியாது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. அதுவே 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. இந்திய ராணுவத்துக்காக இங்கிலாந்திலிருந்து வாங்கிய புல்லட், அதன் பிறகு திருவொற்றியூரில் தயாரானது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. பெட்ரோல் டாங்கில் ஓடும் அந்தத் தங்கக் கோட்டை இங்கே மனிதர்கள் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள்.

பந்தயமும் நமக்குத் தூரமில்லை. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று செங்குன்றம் தாண்டிச் சோழவரத்தில் இருந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் வந்த பிறகே சோழவரம் ஓய்ந்தது. ராஜ குடும்பத்தாரும் தொழிலதிபர்களும் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டிய அதே ஓடுதளத்தின் ஓரத்தில், சாதாரண வீட்டுப் பிள்ளைகள் வெயிலில் நின்று பார்த்தார்கள். ஆசை இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான். செலவைத் தாங்கும் சக்திதான் வேறு.

ஆசை ஹராம் அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மார்க்கம் மனிதனின் மகிழ்ச்சிக்கு எதிரி அல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு நீண்ட தூரமும் பயிற்சி பெறாதவற்றுக்குக் குறைந்த தூரமும் வைத்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூதில் காண்கிறோம். மறுமையைத் தேடும்போது இவ்வுலகில் நமக்குரிய பங்கையும் மறக்க வேண்டாம் என்ற கருத்தை அல்கஸஸ் அத்தியாயத்தின் 77-ஆம் வசனம் தருகிறது.

கெட்டுக் கிடக்கும் ஒரு இயந்திரத்தைப் பிரித்து, துருவை நீக்கி, மறுபடி உயிர் கொடுப்பது நல்ல கைத்தொழில். பொறுமையைக் கற்றுத் தரும் வேலை அது. பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் மகனுக்கு அது ஒரு பாடசாலை. ஆகவே அந்தச் சகோதரரிடம், "பழைய வண்டி ஹராம் அல்ல தம்பி" என்றுதான் முதலில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு, "வீட்டுக் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றேன். முகம் வாடிவிட்டது.

கணக்கு சொன்ன உண்மை

மறுநாள் எழுதிக்கொண்டு வந்தார். மாத வருமானம் 34,000 ரூபாய். வாடகை 9,000. மளிகை, மீன், காய்கறி 9,500. கேஸும் கரண்டும் 2,000. பிள்ளைகளின் பள்ளிக்கும் டியூஷனுக்கும் 4,500. அம்மாவின் மருந்து 1,800. மகளின் காலேஜ் செலவுக்காகக் கட்டும் சீட்டு 3,000. போக்குவரத்து 1,500. போன் 700. மொத்தம் 32,000. மிச்சம் 2,000.

எட்டு மாதத்தில் வண்டிக்கு ஆனது 61,000. என்ஜின் இறுகிப்போன வண்டியை 40,000-க்கு வாங்கியிருக்கிறார். சிலிண்டர் ரீபோர், பிஸ்டன், கார்புரேட்டர், புதுப்பேட்டையில் தேடி வாங்கிய சாமான்கள் எல்லாம் சேர்ந்து 21,000.

மாதம் 2,000 மிச்சம் என்றால் எட்டு மாதத்துக்கு 16,000-தான் வரும். மீதி 45,000 எங்கிருந்து வந்தது? சீட்டு கட்டுவதை நிறுத்தியதில் 24,000. மனைவியின் வளையலை அடகு வைத்ததில் 21,000. ஒரு மாதத்தில் மீட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போன வளையல் ஆறு மாதமாக அடகுக் கடையில் இருக்கிறது, வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

சகோதரர்களே! "என் உழைப்பு, என் பணம், என் ஆசை" என்று அவர் நினைத்திருந்தார். கணக்கைப் பார்த்தால் அந்த 61,000-ல் அவருடைய ஆசைக்குரிய பணம் 16,000 மட்டுமே. அதுகூட அவருக்கு மட்டும் சொந்தமான மிச்சமா? அந்த மிச்சம் எப்படி வந்தது? மனைவி காசிமேட்டில் விலை இறங்கும் நேரம் பார்த்து மீன் வாங்கியதில் வந்தது. பழைய துணியைத் தைத்துத் தைத்துப் போட்டதில் வந்தது. சம்பாதித்தது ஒருவர், மிச்சம் பிடித்தது இன்னொருவர். வளையலோ முழுக்க முழுக்க அவளுடைய சொத்து. மனைவியின் நகையில் கணவனுக்கு உரிமை இல்லை என்பது மார்க்கச் சட்டம். அவள் மனம் ஒப்பிக் கொடுத்தால்தான் உண்டு. வற்புறுத்தலுக்கும் சண்டைக்கும் பயந்து கொடுப்பது மனம் ஒப்பியதாகாது.

இபாதத்துக்கே இல்லாத சலுகை

ஸல்மான் (ரலி), அபுத்தர்தா (ரலி) இருவரின் சம்பவம் நமக்குத் தெரிந்ததுதான். அபுத்தர்தா பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார். அவரது மனைவி அலங்காரமின்றி வாடியிருந்ததைப் பார்த்த ஸல்மான், இறைவனுக்கு உள்ள உரிமையைப் போலவே உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடுங்கள் என்று எடுத்துச் சொன்னார். நபி (ஸல்) அவர்களும் ஸல்மான் சொன்னது உண்மையே என்றார்கள். புகாரியில் வரும் செய்தி இது.

இதை நன்றாக யோசியுங்கள். அபுத்தர்தா செலவிட்டது இபாதத்தில். உபரியான தொழுகையும் நோன்பும்கூட மனைவியின் உரிமையைத் தின்னக்கூடாது என்றால், கார்புரேட்டருக்கும் சைலன்சருக்கும் அந்த அனுமதி எங்கிருந்து வரும்?

பணம் மட்டுமல்ல, நேரமும் அப்படித்தான். வாரத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் மாலை வரை நீங்கள் வண்டியோடு இருந்தால் உங்களுக்கு ஓய்வு கிடைத்தது. அவளுக்கு எந்தக் கிழமை ஓய்வு?

ஏழைக்கு ஆசை கூடாதா?

இங்கே அந்தச் சகோதரர் ஒரு கேள்வி கேட்டார். "பணக்காரன் பத்து வண்டி வைத்திருந்தால் ரசனை என்கிறார்கள். நான் ஒரு வண்டி வைத்தால் இஸ்ராஃபா ஹஜ்ரத்?" நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

இஸ்ராஃப் என்பது ரூபாயின் அளவில் இல்லை; யாருடைய உரிமை மீறப்படுகிறது என்பதில் இருக்கிறது. கோடீஸ்வரன் ஜகாத் கொடுக்காமல், வேலைக்காரன் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு கார் வாங்கினால் அவனும் குற்றவாளியே. கூலித் தொழிலாளி கடமைகளை முடித்துவிட்டு மாதம் ஐந்நூறு ரூபாயைத் தன் ஆசைக்கு ஒதுக்கினால் அவன்மீது குற்றமில்லை. வீண்விரயமும் இல்லாமல் கஞ்சத்தனமும் இல்லாமல் நடுநிலையாகச் செலவழிப்பவர்களை அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67-ஆம் வசனம் புகழ்கிறது. அந்த நடுநிலை ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வேறு இடத்தில் இருக்கும்.

உலகம் ஏழைக்கும் பணக்காரனுக்கும் சமமாக இல்லை என்பது உண்மை. புல்லட்டைப் பூட்டிய கைகள் சைக்கிளைப் பிடித்தது வேதனைதான். ஆனால் அத்தாவுக்குக் கிடைக்காத வண்டிக்கான விலையை மகளின் படிப்பிலிருந்து எடுத்தால், ஒரு தலைமுறைக்கு நேர்ந்த குறை அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். அவர் சைக்கிள் மிதித்தது பிள்ளைகளுக்காக அல்லவா?

பந்தய மோகம் பற்றி ஒரு எச்சரிக்கை

இளைஞர்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் இரவெல்லாம் ஓடுகின்றன. அந்தச் சாலையில் ரேஸ் விடுவது விளையாட்டு அல்ல. நம் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைப்பது. பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டுகிற இருவரும் பணம் கட்டி, ஜெயித்தவன் எடுத்துக்கொள்வது சூதாட்டம்.

நபி (ஸல்) அவர்களின் அள்பா என்ற ஒட்டகத்தை யாரும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமவாசியின் இளம் ஒட்டகம் முந்திவிட்டது. தோழர்களுக்கு அது வருத்தமாக இருந்தது. உலகில் உயர்ந்துவிட்ட எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் வழக்கம் என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். நபியின் ஒட்டகமே முந்தப்பட்டது என்றால், எந்த வண்டிதான் என்றும் முதலிடத்தில் இருக்கும்?

என்ன செய்யலாம்?

ஒன்று: முதலில் கடமைகள். வாடகை, உணவு, படிப்பு, மருந்து, பெற்றோர், பாக்கிக் கடன். இவை முடிந்த பிறகே ஆசை.

இரண்டு: ஆசைக்கு வட்டிக் கடன் ஒருபோதும் வேண்டாம். கிரெடிட் கார்டு, மீட்டர் வட்டி, நகை அடகு எதுவும் வேண்டாம். காசு சேர்ந்த பிறகு சாமான் வாங்குங்கள். வண்டி காத்திருக்கும்.

மூன்று: முழுச் செலவையும் முன்பே கணக்கிடுங்கள். வாங்கும் விலை தொடக்கம்தான். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி உண்டு, இன்சூரன்ஸ் கட்டாயம். 50 ஆண்டு கடந்த வண்டியை 2021-ல் வந்த விதிகளின்படி விண்டேஜ் வண்டியாகப் புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம். பிறகு அதைத் தினசரி வேலைக்கு ஓட்டவும் முடியாது.

நான்கு: மறைக்காதீர்கள். குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைக்கூடப் பெற்றோர் இருவரும் கலந்து பேசி, மனம் ஒப்பிச் செய்ய வேண்டும் என்று அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் வழிகாட்டுகிறது. மாதக் கணக்கைக் கலந்து பேசாமல் முடிவு செய்யலாமா? அவளுக்கும் ஒரு ஆசை இருக்கும். என்ன என்று கேளுங்கள். உங்கள் ஆசைக்கு ஒதுக்கும் அளவு அதற்கும் ஒதுக்குங்கள்.

அந்தச் சகோதரர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். சீட்டு மறுபடி ஓடுகிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே வெல்டிங் வேலை எடுத்து வளையலை மீட்டுவிட்டார். மிச்சமாகும் 2,000-ஐ இருவரும் ஆளுக்கு ஆயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். மனைவி தையல் மெஷினுக்குச் சேர்க்கிறார். வண்டி இன்னும் வாசலில் தார்ப்பாயின் கீழ்தான் நிற்கிறது; என்ஜின் வேலை பாதியில் இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்கிறார். வீட்டில் சண்டை இல்லை.

மறுமையில் நம் பொருளைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு: எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய். நம்மில் பலருக்கு முதல் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுத்து, இரண்டாவது கேள்விக்கான பதிலை மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக! நம் குடும்பத்தாரின் உரிமைகளைப் பேணி, நடுநிலையாகச் செலவழிக்கும் நல்லடியார்களாக நம்மை ஆக்குவானாக! நம் பிள்ளைகளைச் சாலை விபத்துகளிலிருந்து பாதுகாப்பானாக! ஆமீன்.