திராவகமும் திருவேடமும்

ஊத்துக்கோட்டையினின்றும் சுருட்டப்பள்ளிப் பெருமானை வழிபடச் சென்ற யாம், வழியில் ஒரு கொல்லுலையின்கண் சிறிது தங்கினேம். கொல்லர் ஒருவர் தாம் அடித்து முடித்த அரிவாளைக் கல்லில் தேய்த்து மெருகேற்றி, எலுமிச்சஞ்சாறு தடவித் துடைத்தனர். உடனே வாயும் முதுகும் வேறுவேறு நிறமெய்த, இடையே முகிலோரம் போன்றதொரு வரை தோன்றிற்று. அவ்வரை சாறு இட்டதன்று, நீர் இட்டது என்றனர் அவர். அச்சொல் எம் நெஞ்சை விட்டகன்றிலது.

பழுக்கக் காய்ந்த எஃகை நீரில் தோய்க்குங்கால், மெல்லிய வாய் விரைந்து குளிர்ந்து வன்மையெய்தும். தடித்த முதுகு மெல்லக் குளிர்ந்து முறியாத் தன்மை பெறும். சப்பானியக் கொல்லர் முதுகிற் களிமண்ணை மிகுதியாகப் பூசி இவ்வேற்றுமையை வேண்டியவாறு அமைப்பர். மெருகின்கீழ் மறைந்துகிடக்கும் அதனைப் புளிப்பு வெளிப்படுத்துவதன்றிப் படைப்பதன்று.

உருக்கின் செய்தியும் இதனோடு ஒக்கும். கொடுமணலிலும், பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரிலும் உருக்குச் செய்த மூசைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. இந்திய உருக்கைப் பாரடே என்பார் இசுடோடார்ட்டு என்பாரோடு கூடி 1819 முதல் 1822 வரை இங்கிலாந்தில் ஆராய்ந்தனர். நல்லுருக்கு வாளில் நீரலை போன்ற வரைகள் தேய்க்க மறைந்து, திராவகம் பட மீளத் தோன்றும். மேலே அரித்தெழுதிய போலி வரையோ, நன்கு தேய்ப்ப ஒழிந்தேபோம்.

இல்லது தோன்றாது, உள்ளதே வெளிப்படும் என்னும் சற்காரியவாதத்திற்கு இஃது ஏற்ற உவமையாம். ஆயினும் உவமை ஒருபுடை ஒப்பே. வாளின் வரை தோய்த்தலான் வந்தது. உயிரின் அறிவோ அநாதியே உளதாய், ஆணவத்தான் மறைப்புண்டு, அருளான் விளங்குவது.

அற்றேல், திருவேடந் தாங்கினாரையும் இங்ஙனம் தேய்த்துப் பார்த்தன்றோ வணங்கல் வேண்டும் எனின், அன்று. மூசைகள் கிடைத்த அப்பழைய மாவட்டத்ததே மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட திருக்கோவலூர். முத்தநாதன் புத்தகக் கவளியுள் படையை மறைத்து, நீறு பூசி வந்தான். நாயனார் ஆராய்ந்திலர், வணங்கினர், குத்துண்டனர். வாளோச்சிய தத்தனைத் தடுத்து, பகைவனை ஊர்கடத்தி விடுமாறு பணித்தனர்.

வேடம் பொய்த்ததே என்பார் ஒன்று நோக்குக. பொய்த்தது முத்தநாதன் பூண்ட மேல்வரை; நாயனார்பால் தோன்றியது உள்வரை. அப்படையே அவர்க்குத் திராவகமாயிற்று. அஃது அவர் அன்பைப் படைத்ததன்று. நெடுநாள் வழிபாட்டில் தோய்ந்திருந்ததனைக் காட்டியது. அவர் உயிரைக் கொடுத்தாராகலின், இஃது எளிதென்று யாம் கூறேம். மாணாக்கனை ஆராய்ந்து தீக்கை செய்தல் ஆசிரியற்குரிய கடன், அதனை மறுத்திலேம். வணங்குவார்க்கோ தம்மையே ஆராய்தல் கடன்.

துன்பம் வந்தபின் தோய்ப்போம் எனல் பேதைமை. அன்று தோன்றுவது இன்று தோய்ந்ததே. அறுபதாண்டு கடந்தும், எம் வாளில் அவ்வரை உண்டோ என்று யாம் அஞ்சியே இருக்கின்றேம்.