குழந்தை அழுதால் யார் கடமை?



கடையில் கூட்டம். பிள்ளை அழுகிறது. கைத்தொலைபேசியை எடுத்துக் கொடுத்து விடுகிறோம். அழுகை நின்று விடுகிறது. இதில் பிழை என்ன? நாமும் இவ்வாறு கேட்டு வந்தவர்கள்தாம். ஒருநாள் அந்தத் தொலைபேசியில் மின்சாரம் தீர்ந்து போயிற்று. மூன்று வயது மகன் தரையில் விழுந்து புரண்டான். வாரி எடுத்தோம். அவனோ நம் தோளில் சாயாமல் நம் சட்டைப் பையைத் துழாவினான். அவனுக்கு ஆறுதல் நாமல்ல, பையிலிருந்த பொருள்தான் என்பது அன்று உறைத்தது.

இது கடனுக்கு வாங்கிய அமைதி. கடன் வளருமென்பதை வணிகருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை அடிக்கடி இவ்விதம் அடக்கும் வீடுகளில், அவர்களின் ஆத்திரமும் படபடப்பும் பின்னர் மிகுந்து காணப்பட்டதாக 2022இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சும் 2025இல், 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாமென்றும், உணவு வேளையில் எப்பிள்ளைக்கும் அதைத் தரலாகாதென்றும் அறிவுறுத்தியது.

"பிள்ளை வளர்ப்பு பெண்கள் காரியம்" என்று நழுவுவது நேர்மையாகுமா? நாம் இரவு பத்து மணிவரை கடையில். பிள்ளையின் உம்மாவோ அடுக்குமாடி வீட்டில் தனியாக. சோறும் ஆக்கவேண்டும், பிள்ளையையும் பார்க்கவேண்டும். அவர் தொலைபேசியைக் கொடுத்தால் குற்றம் பாதி நம்முடையதன்றோ?

நம் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தும்போது குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனவேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள் என்பதை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். குழந்தையை அதட்டவில்லை, தாயைக் கடிந்துகொள்ளவுமில்லை, தம் செயலையே சுருக்கினார்கள். தொழுகையே சுருங்குமானால், நம் வியாபாரம் அரைமணி நேரம் சுருங்கலாகாதா?

அரைமணி முன்னதாக வீடு திரும்புவோம். பிள்ளையை மடியிலிருத்தி, "பசியா, தூக்கமா, கோபமா?" என்று கேட்போம். கடைக்கு வந்தால் சீரகத்தை முகரக் கொடுப்போம்; வெங்காயத்தை எண்ணச் சொல்வோம். முதல் சில நாள் அழுகை கூடத்தான் செய்யும். பொறுத்திருப்போம். அழுத பிள்ளை ஒருவர் மடியில் தணிந்து தணிந்துதான் தானே தணியக் கற்றுக்கொள்கிறது.

பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கடைக் கணக்கை நாம் இரவுதோறும் பார்க்கிறோம். இந்தக் கணக்கைக் கேட்பவன் அல்லாஹ்.