யோனா கேட்காத கேள்வி

இவ்வாண்டு தவக்காலத்தில் எம் பங்கின் இளையோரை ஓரியூருக்குத் திருப்பயணமாக அழைத்துச் சென்றேன். திண்டுக்கல்லில் விடியுமுன் புறப்பட்ட பேருந்து மதுரை, சிவகங்கை, திருவாடானை வழியே அங்குச் சென்று சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் புனித அருளானந்தர் தலை வெட்டுண்ட அந்தச் செம்மண் நிலத்தில் அமர்ந்து, இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்னும் பொருள்பற்றி அரைமணி நேரம் பேசினேன். உரை முன்னமே எழுதப்பட்டது. யோனா இறைவனிடமிருந்து தப்பி ஓடினார், அருளானந்தர் ஓடவில்லை, நீங்கள் யாரைப் பின்பற்றப் போகிறீர்கள் என்பதே அதன் சாரம். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சிற்சில மாற்றங்களோடு இதே உரையைப் பல பங்குகளில் ஆற்றியிருக்கிறேன். கேட்டவர் எவரும் மறுத்துப் பேசியதில்லை.

அன்று ஒருத்தி பேசினாள். செவிலியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். "ஃபாதர், தடியத்தேவர் கடவுளுக்குக் கீழ்ப்படிந்தார், சரி. அவர் விலக்கிய மனைவிமார் என்ன தப்பு செய்தார்கள்? அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?" என்றாள். உடன் வந்திருந்த உபதேசியார் பதறிப்போய், "சாமிகிட்ட இப்படியாம்மா பேசுறது? உட்காரு" என்று அதட்டினார். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கேள்வி எழுந்து நின்றது.

வரலாறு அறியாதார்க்குச் சுருங்கச் சொல்கிறேன். மறவர் சீமையின் அரச குடும்பத்தவரான தடியத்தேவர் கடும் நோயிலிருந்து நலம்பெற்றுத் திருமுழுக்கு வேண்டினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரோடு மட்டுமே வாழ்வதென்று அவர் முடிவு செய்த பின்னரே, 1693 சனவரியில் அருளானந்தர் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். விலக்கப்பட்டவர்களுள் இளையவர் கிழவன் சேதுபதியின் நெருங்கிய உறவினர். அவர் அரண்மனையில் முறையிட்டார். சில நாள்களிலேயே அருளானந்தர் சிறைப்பட்டார். அதே மாதம் முடிந்து நான்காம் நாள் அவர் உயிர் பிரிந்தது. சிறுவயதில் எங்கள் ஊர்த் திடலில் விடியவிடிய நடந்த அருளானந்தர் நாடகத்தில் அந்த இளைய மனைவி மேடையேறினாலே நாங்கள் கூச்சலிடுவோம். வேடம் கட்டியவர் எங்கள் தெரு தையற்காரர். பாவம், மறுநாள் பகலிலும் அவரை விடமாட்டோம். அந்தப் பெண்ணுக்கு ஒரு வழக்கு உண்டு என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. குருமடத்திலும் சொல்லவில்லை.

நான் சொன்ன விடை இவ்வளவே: தடியத்தேவர் செய்தது சரி என்றே இன்றும் நம்புகிறேன். ஆயினும் அவரது கீழ்ப்படிதலின் விலையில் ஒரு பங்கை, அந்த அழைப்பைக் கேட்டிராத ஒருத்தி செலுத்தினாள். ஆபிரகாம் புறப்பட்டபோது சாராவும் கூடாரத்தைச் சுருட்ட வேண்டியிருந்தது. யாக்கோபும் யோவானும் வலையை விட்டு எழுந்தபோது செபதேயு கூலியாள்களோடு படகில் நின்றார். இறைவனுக்குக் கீழ்ப்படிகிறவன் தனக்கு மட்டுமே நோவு உண்டாக்கிக்கொள்கிறான் என்று இளையோருக்குக் கற்பித்தால், முதல் நாளிலேயே அவர்கள் நம்மைப் பொய்யர் என்று கண்டுகொள்வர். அந்தப் பெண் என் விடையை முற்றும் ஏற்றதாகத் தோன்றவில்லை. எனக்கும் அது முழு விடையாகத் தோன்றவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் யோனாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கே அதிகாரங்கள் கொண்ட அச்சிறு நூலைப் பலமுறை படித்தும் ஒன்றைக் கவனியாதிருந்திருக்கிறேன். நினிவேக்குப் போ என்று கட்டளை வருகிறது. இன்று ஈராக்கின் மோசூல் நகரை ஒட்டியிருக்கும் அந்த அசீரியத் தலைநகர், யோனாவின் மக்களுக்குப் பகை நகர். ஏன், எதற்கு, என்னால் இயலாதே என்று அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யோப்பாவுக்கு இறங்கிப் போகிறார், எதிர்த்திசையில் தர்சீசுக்குச் செல்லும் கப்பலைக் காண்கிறார், கட்டணமும் செலுத்துகிறார், அடித்தட்டில் படுத்து உறங்கிவிடுகிறார். இறைவனைத் தவிர்ப்பதற்கும் காசு செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. அவர் ஏன் ஓடினார் என்பது கடைசி அதிகாரத்தில்தான் தெரிகிறது. அங்கே அவர் கோபிக்கிறார், வழக்காடுகிறார், சாக விரும்புகிறேன் என்கிறார். இறைவனும் மறுமொழி தருகிறார், அந்நூல் இறைவனுடைய ஒரு கேள்வியோடு முடிகிறது. நினிவேக்குப் போய்ச் சேர்ந்த யோனாவைக் காட்டிலும், நகருக்கு வெளியே அமர்ந்து சினந்து பேசும் யோனா இறைவனுக்கு நெருங்கியவராக எனக்குப் படுகிறார். கால்கள் கீழ்ப்படிந்தது முன்னரே. வாய் திறந்தது இப்போதுதான்.

நம் மொழியில் இதற்கொரு அழகிய சான்று உண்டு. 'சொன்னதைக் கேள்' என்று தாய் பிள்ளையை அதட்டுகிறாள். கீழ்ப்படி என்பது பொருள். 'பாட்டைக் கேள்' என்றால் செவிகொடு என்பது பொருள். 'தெரியாவிட்டால் கேள்' என்றால் வினவு என்பது பொருள். செவிகொடுத்தல், வினவுதல், கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். எபிரேயத்தில் 'ஷெமா' என்னும் சொல் கேட்டலையும் கீழ்ப்படிதலையும் சேர்த்தே உணர்த்தும். இலத்தீனிலும் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல் கேட்டலிலிருந்தே பிறந்தது. ஆனால் வினவுதலையும் அதே சொல்லுக்குள் அடக்கியது, நானறிந்தவரை, தமிழின் பேறு. 'கீழ்ப்படிதல்' என்னும் சொல்லையே பீடத்திலிருந்து ஓயாமல் பயன்படுத்திவந்த நாம், அதிலுள்ள 'கீழ்' என்பதை மட்டும் இளையோர் மனத்தில் ஊன்றிவிட்டோமோ என்று ஐயுறுகிறேன்.

மோசே எரியும் முட்செடியின்முன் எத்தனை சாக்குகள் சொன்னார்! மரியா, இது நடப்பது எவ்வாறு என்று வானதூதரிடமே வினவினார். செக்கரியாவும் வினவினாரே, அவர் வாய் கட்டுண்டதே என்று மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் என்னை மடக்கியதுண்டு. நல்ல மடக்கு. செக்கரியா நம்புவதற்கு அடையாளம் வேண்டினார், மரியா நடப்பதற்கு வழி வேண்டினார் என்பது மரபான விளக்கம். அதனினும் எனக்குப் பிடித்தது, செக்கரியாவும் தள்ளப்படவில்லை என்பது. அவர் ஊமையாகத் தம் பணி நாள்களை நிறைவு செய்தார், பிள்ளை பிறந்தது, வாயும் திறந்தது. கேட்டவர் எவரும் இறைவனைவிட்டு அகன்றுபோகவில்லை. கேளாமல் கப்பலேறியவர்தான் புயலைக் கண்டார்.

இரு புதல்வர் உவமையில் ஒருவன் போகமாட்டேன் என்று சொல்லிப் பின்பு தோட்டத்துக்குப் போனான். மற்றவன் போகிறேன் ஐயா என்று சொல்லிப் போகவில்லை. நம் மறைக்கல்வி வகுப்புகளில் பரிசு பெறுகிறவன் இவர்களுள் யார்? ஆண்டு விழாவில் 'ஒழுக்கத்தில் சிறந்தவர்' என்று நான் சான்றிதழ் வழங்கிய பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன். பெரும்பாலும் எதையும் கேளாதவர்கள்.

ஒளிந்துகொள்ள ஆலயத்தைவிட வசதியான இடம் வேறில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆடும் கோழியும் நேர்ச்சையாக வந்து குவியும் திருவிழாக்கள் நம் சுற்றுவட்டாரத்துக்குப் புதியனவல்ல. அவற்றை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஏழையும் பணக்காரனும் ஒரே பந்தியில் உண்ணும் நாள் ஆண்டில் அது ஒன்றுதான். ஆயினும் சவுல் கொழுத்த ஆடுகளைப் பலியிட ஒதுக்கிவைத்ததாகச் சொன்னபோது சாமுவேல் என்ன மறுமொழி தந்தார் என்பதை நாம் அறிவோம். கேட்கப்பட்ட ஒன்றைக் கொடாமலிருக்க, கேளாத பத்தைக் கொடுப்பது மனிதர் வழக்கம்.

அருளானந்தருக்கும் அத்தகைய வாய்ப்பு இருந்தது. 1647இல் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தவர். அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு வளர்ந்தவர். 1686இல் மறவர் சீமையில் உபதேசியார்களோடு பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். இனி இந்நாட்டில் போதிக்கலாகாது என்ற ஆணையோடு விடுவிக்கப்பட்டார். பின்பு சபைப் பணியாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். பழைய விளையாட்டுத் தோழர் அப்போது போர்த்துக்கல் மன்னர். இவரைத் தம் அருகிலேயே இருத்திக்கொள்ள விரும்பினார். நலிந்த உடல், மன்னரின் விருப்பம், மறைபரப்புப் பணிக்கு லிஸ்பனில் ஓர் ஆதரவாளர் இருப்பதன் பயன் என அங்கே தங்க எத்தனை காரணங்கள்! ஒன்றேனும் தீய காரணமில்லை. தங்கியிருந்தால் அதற்கும் கீழ்ப்படிதல் என்றே பெயர் சூட்டியிருக்கலாம். அவரோ 1690இல் கோவாவுக்குத் திரும்பி, அடுத்த ஆண்டே மறவர் சீமைக்குள் நுழைந்தார். எக்குரல் இறைவனுடையது என்று அவர் எப்படி அறிந்தார்? ஓரியூர் உரையில் இதற்கு விடையாக 'ஆழ்ந்த செபம்' என்று எழுதிவைத்திருந்தேன். பொய்யன்று, ஆனால் போதாது. அவரை அழைத்த குரலுக்கு முகங்கள் இருந்தன. தம்மோடு அடிபட்டவர்களும் தாம் திருமுழுக்கு அளித்தவர்களும் அங்கே விடப்பட்டிருந்தார்கள். அரண்மனையின் குரலில் அவருடைய நலமே நிறைந்திருந்தது.

இனி நான் தள்ளிக்கொண்டே வந்ததை எழுதுகிறேன்.

இந்தப் பங்கிற்கு வந்த இரண்டாம் ஆண்டில், திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றில் வேலை செய்துவந்த ஓர் இளைஞன் விடுமுறையில் என்னைக் காண வந்தான். பாடகர் குழுவில் வளர்ந்தவன். அதே குழுவில் பாடிய பெண்ணை மணக்க விரும்பினான். இருவரும் கத்தோலிக்கர், ஒரே பங்கினர், தெரு மட்டும் வேறு. தெரு வேறு என்றால் என்ன பொருள் என்று இவ்விதழின் வாசகர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. "அப்பாவும் அம்மாவும் நான்காம் கட்டளையைச் சொல்கிறார்கள், ஃபாதர். நான் மீறினால் பாவமா?" என்று கேட்டான். ஆம் அல்லது இல்லை என்ற ஒரு சொல்லுக்காக வந்திருந்தான்.

எனக்கு விடை தெரியும். பெற்றோரைப் போற்றுதல் கட்டளை. ஆயினும் திருமணம் செய்துகொள்வதிலும் துறவு கொள்வதிலும் பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவரல்லர் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதிவிட்டார். வாழ்க்கை நிலையைத் தேர்வதில் எவரையும் வற்புறுத்தலாகாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 219ஆம் பிரிவு கூறுகிறது. மனச்சான்று என்பது மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் திருவிடம் என்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனையைக் குருமடத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். பாவம் இல்லை தம்பி, உன் அப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன் என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அவன் தந்தை அவ்வாண்டுத் திருவிழாக் குழுவில் முன்னின்றவர். தேர்ப்பவனி தெருத் தகராறின்றி நடந்தேற அவர் தயவு வேண்டியிருந்தது. "நன்றாகச் செபித்துப் பார். திருவிழா முடியட்டும், பேசலாம்" என்றேன். "சரிங்க ஃபாதர்" என்று தலையசைத்துவிட்டுப் போனான். அடக்கமான பையன் என்று அன்றிரவு சமையற்காரரிடம் நான் சொன்னது நினைவிருக்கிறது.

தேர் நன்றாகவே ஓடியது. சில மாதங்களுக்குப்பின் அவர்கள் பதிவு அலுவலகத்தில் மணம் செய்துகொண்டு திருப்பூரிலேயே தங்கிவிட்டார்கள். இளையோர் இறைவனைவிட்டு ஓடுகிறார்கள் என்று அடுத்த ஞாயிறு மறையுரையில் வருந்தினேன். யாரை எண்ணிச் சொல்கிறேன் என்று மக்களுக்குத் தெரிந்தது. நான் எந்தக் கப்பலின் அடித்தட்டில் உறங்கிக்கொண்டிருந்தேன் என்று எனக்குத்தான் தெரியவில்லை. அவன் என்னிடம் வந்து கேட்டான், கேட்டவன் ஓடவில்லை. கட்டணம் செலுத்தி எதிர்த்திசையில் போனவன் நான்.

அவன் தாய் இன்றும் முதல் திருப்பலிக்கு வருகிறார். பேரனுக்கு ஒன்றரை வயதாகிறது, இன்னும் திருமுழுக்கு ஆகவில்லை என்று கண்ணீரோடு சொல்வார். தந்தை சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பார், பேசமாட்டார். அவர்கள் முகவரியை அந்தத் தாய் எழுதிக் கொடுத்த தாள் என் திருப்புகழ்மாலை நூலுக்குள் கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் அதைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் திருப்பாடல்களைச் செபித்து வந்திருக்கிறேன். அவர்கள் மணத்தைத் திருச்சபை முறைப்படி சீர்செய்யக் கடினமான வழி ஒன்றுமில்லை. ஒருவர் போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓரியூரிலிருந்து திரும்பிய பின்பும் உடனே நான் போய்விடவில்லை. தவக்காலம், புனித வாரம், உயிர்ப்புப் பெருவிழா என்று காரணங்கள் வரிசையாக வந்தன, எல்லாம் நல்ல காரணங்களே. கடந்த ஞாயிறன்று அந்தத் தாயிடம், செவ்வாய்க்கிழமை விடியற்காலை வண்டியில் ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியே திருப்பூர் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். இம்முறை அவர் கணவரும் அருகில் வந்து நின்றார்.

"போய் என்ன சாமி சொல்வீங்க?" என்று கேட்டார் அந்தத் தாய்.

அவன் என்னிடம் ஒன்று கேட்டிருந்தான், அதற்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை என்றேன்.